கோரல் டிண்டேலும் சாய்ந்த கொட்டகையும்

சிட்னிக்கு வடக்கே கில்பரா என்கிற ஊரில், ரயில் ஸ்டேஷனிலிருந்து இரண்டாவது தெருவில் கோரல் டிண்டேலின் வீடு. கல்யாணமான புதிதில் அவள் கணவன் ராஸ் அந்த வீட்டை வாங்கியதற்கு ஒரே காரணம்தான். சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே நடந்தாலும் ரயிலைப் பிடித்துவிடலாம். வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் கோரல் அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டாள். இதே காரணத்துக்காக இன்னும் நாலு பேருக்கு அங்கே குடிவர ஆசை வரலாம் என்பது மட்டும் அவளுக்கு எழுபது வயதுவரை தோன்றவே இல்லை. தோன்றியபோது வந்த கோபம் சாதாரணக் கோபமில்லை.

பல் டாக்டர் ஒருவரிடம் முப்பது வருடம் உதவியாளாக இருந்தவள் அவள். வாயைத் திற என்றால் வந்தவர்கள் திறக்க வேண்டும், மூடு என்றால் மூட வேண்டும். ஓய்வு பெற்ற பிறகும் அந்த அதிகாரம் அவள் குரலை விட்டுப் போகவில்லை. ஸ்டேஷனைச் சுற்றி நடக்கிற தூரத்துக்குள் ஆறு மாடி கட்டலாம் என்று மாநில அரசு அறிவித்த அன்று, தெரு முழுவதும் வாயைத் திறந்தபடி நின்றது. கோரல் போய் ஒவ்வொன்றாக மூடிவிட்டு, எப்போது திறக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள்.

அந்த ஊர் நடைமுறை இப்படி. யாராவது எதையாவது கட்டப்போகிறார்கள் என்றால் நகரசபை அவர்கள் வாசலில் மஞ்சள் பலகை ஒன்றை மாட்டும். பலகையைப் பார்த்த அக்கம்பக்கத்தார் நகரசபை மண்டபத்துக்குப் போய், கட்டடக் குழு முன்னால் ஆளுக்கு மூன்று நிமிடம் பேசலாம். மணி அடித்ததும் உட்கார்ந்துவிட வேண்டும். மூன்று நிமிடத்தில் ஒரு கட்டடத்தைச் சாய்ப்பது எப்படி என்று சனிக்கிழமை தோறும் சாரணர் கூடத்தில் கோரல் வகுப்பு எடுத்தாள். வகுப்புக்குக் 'கில்பராவின் நண்பர்கள்' என்று பெயர்.

எதிர்வீட்டு வால் ப்ரெண்டிஸ்தான் முதலில் கை தூக்குவாள். கூட்டத்துக்கு எலுமிச்சைக் கேக் சுட்டு வருகிறவளும் அவள்தான்.

"நேராச் சொல்லிடறேனே, கோரல். மேல் மாடியிலருந்து என் கொல்லைய எட்டிப் பாப்பாங்க. எனக்குப் பிடிக்கல."

"பிடிக்கலன்னு சொல்லாத. ஒனக்குப் பிடிச்சா என்ன, பிடிக்காட்டி அவங்களுக்கு என்ன? நிழல் விழும்னு சொல்லு."

"விழுமா?"

"சூரியன்னு ஒண்ணு இருக்குல்ல. எங்கயாவது விழும்."

அடுத்த வீட்டு டெனிஸ் க்ரோகன், அரைக்கால் சட்டையும் முழங்கால் வரை காலுறையும் போட்ட முன்னாள் கணக்கர், தொண்டையைச் செருமினார். "வாடகைக்கு வர்றவங்க தோட்டத்தை ஒழுங்கா வச்சுக்க மாட்டாங்கன்னு சொல்லலாமா?"

"ஆளுங்களைப் பத்தி மூச்சு விடக் கூடாது, டெனிஸ். காரைப் பத்திப் பேசு. கார் நிறுத்த எடமில்ல, தெரு அடைச்சுக்கும். அதோட நிறுத்து."

"ஸ்டேஷன் பக்கத்துல குடிவர்றவங்க ரயில்லதானே போவாங்க?"

"அதை நீ எதுக்குச் சொல்ற? கட்டறவன் வக்கீல் வச்சிருப்பான், அவன் சொல்லிக்கட்டும்."

எல்லோருக்கும் முதல் வரி மட்டும் ஒன்றே. "நான் வளர்ச்சிக்கு எதிரி இல்லை, ஆனால்." அந்த 'ஆனால்' வந்துவிட்டால் அதற்கப்புறம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்று கோரல் சொல்லிக்கொடுத்தாள். கூடம் முழுக்க உட்கார்ந்து அதை ஒப்பித்தது. வீடில்லாதவர்கள் மேல் அவர்களுக்கு இரக்கம் இல்லாமல் இல்லை. எல்லோருக்கும் வீடு வேண்டும் என்பதில் ஒருவருக்கும் மறுப்பு கிடையாது. அந்த வீடு அடுத்த ஸ்டேஷன் பக்கத்தில் இருந்தால் நன்றாயிருக்கும், அவ்வளவுதான். அடுத்த ஸ்டேஷன்காரர்களும் இதே மாதிரி ஒரு கூடத்தில் உட்கார்ந்து கில்பராவைக் கை காட்டிக்கொண்டிருந்தார்கள்.

முதல் போரிலேயே பாதி வெற்றி. ஸ்டேஷனுக்குப் பின்னால் ஆறு மாடியாக எழவிருந்த கட்டடம் நாலு மாடியாகக் குறைந்தது. அன்று கோரலுக்குக் கை தட்டியவர்களில் டெனிஸின் கைதான் அதிகம் சிவந்தது.

ஆனால் நாலு மாடியும் மாடிதான். தங்கள் தெருவுக்குள் அது நுழையாதிருக்க வேண்டுமானால் தெருவையே மரபுச் சின்னமாக்கிவிட வேண்டும் என்று யாரோ யோசனை சொன்னார்கள். மரபு நிபுணர் ஒருத்தி கேமராவோடு வந்தாள். தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். சிவப்புச் செங்கல் வீடுகள் அழகுதான், ஆனால் சிட்னி முழுக்க இதே மாதிரித் தெருக்கள் கிடக்கின்றன, இந்தத் தெருவுக்கென்று தனியாக ஏதாவது இருக்கிறதா என்றாள்.

கோரல் இரண்டு ராத்திரி புரண்டு புரண்டு படுத்தாள். மூன்றாம் நாள் கொல்லையில் துணி காயப்போடும்போது, எதிரே சாய்ந்து நின்ற கார் கொட்டகை அவள் கண்ணில் பட்டது.

அந்தக் கொட்டகையின் கதை இது. ஒரு ஈஸ்டர் விடுமுறையில் ராஸும் அவன் மச்சானும், எங்கோ மிஞ்சிய ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளையும் கழித்துப் போட்ட ரயில்வே கட்டைகளையும் ஒரு பெட்டி பீரையும் வைத்துக்கொண்டு கட்டியது. பீர் தீர்ந்தபோது கட்டடமும் முடிந்தது. திங்கட்கிழமை நேராக நின்றது. செவ்வாய்க்கிழமையிலிருந்து இடது பக்கம் சாய்ந்திருக்கிறது. அடுத்த கோடையில் பிரித்துவிடுகிறேன் என்று ராஸ் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தான். இடது பக்கம் டெனிஸின் தக்காளிப் பாத்தி. "என்னிக்கோ ஒரு நாள் அது என் தக்காளி மேலதான் விழப்போகுது, கோரல், எடுத்துத் தொலைச்சா என்ன?" என்று அவரும் குடிவந்த நாள்முதல் சொல்லிக்கொண்டிருந்தார்.

நகரசபைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் கோரல் எழுந்தாள். நெற்றியில் மண்டபத்து வெளிச்சம் பட, குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள். "எங்க தெரு வீடுங்கள ஆர்க்கிடெக்ட் கட்டினாங்க. எங்க கொட்டகைங்கள அப்பாமார் கட்டினாங்க. வாரம் பூரா ரயில்ல நின்னுக்கிட்டே வேலைக்குப் போய்ட்டு வந்து, லீவு நாள்ல தன் கையால, தன் குடும்பத்துக்காகக் கட்டினது. என் வீட்டுக்காரர் இப்ப இல்ல. கொட்டகை இருக்கு. அதைத் தொடறப்பல்லாம் அவர் கையத் தொடற மாதிரி இருக்கும்."

உண்மையில் அந்தக் கொட்டகையைத் தொட்டால் சிலந்தி கடிக்கும் என்று கோரல் அதன் பக்கமே போவதில்லை. ஆனால் மணி அடித்த பிறகும் மண்டபத்தில் யாரும் அசையவில்லை. குழுவில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிபுணரின் அறிக்கையில், தெருவின் கொட்டகைகள் உழைக்கும் குடும்பங்களின் கைவண்ணம் என்றும், அவற்றுள் தலைசிறந்தது டிண்டேல் வீட்டுக் கொட்டகை என்றும் வந்தது. தெருவுக்குப் பாதுகாப்பு கிடைத்தது. இனி யாரும் வீட்டையும் இடிக்க முடியாது, கொட்டகையையும் இடிக்க முடியாது. வால் ஒரு முழுத் தட்டு கேக்கோடு வந்து கட்டிக்கொண்டாள்.

இந்தச் சந்தோஷம் ஒரு வருடம் நீடித்தது. அப்புறம் ரினே வந்தாள்.

ரினே கோரலின் ஒரே மகள். நாற்பத்தொரு வயது, விவாகரத்து ஆனவள். கில்பராவிலிருந்து இரண்டு ஸ்டேஷன் தள்ளியிருக்கிற ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆனால் அவள் குடியிருந்ததோ மேற்கே, மலையடிவாரத்தில், ஒன்றரை மணி நேரக் கார் தூரத்தில். அங்கேதான் அவளுக்குக் கட்டுப்படியாகிற வாடகை. அந்த வீட்டையும் வீட்டுக்காரன் விற்கப்போகிறான். அன்று அம்மா வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், டீயை ஆறவிட்டாள்.

"ஸ்டேஷன் பின்னாடி புதுக் கட்டடத்துல ஒரு ஃபிளாட் காலின்னு பாக்கப் போனேன்" என்றாள். "படிக்கட்டு வரைக்கும் கூட்டம். என் ஆஸ்பத்திரியிலருந்தே மூணு பேர் நிக்கிறாங்க. யாருக்குக் கிடைச்சுதோ தெரியாது, எனக்குக் கிடைக்கல."

"அய்யோ பாவம். நிறையக் கட்டியிருக்கலாம் அவங்க."

ரினே அம்மாவையே பார்த்தாள். "நீ வெட்டின ரெண்டு மாடியில ஏதாவது ஒரு மூலையில எனக்கு எடம் இருந்திருக்கும்மா."

கோரல் கெட்டிலை மறுபடியும் அடுப்பில் வைத்தாள். அதில் தண்ணீர் கொதித்துத்தான் இருந்தது.

"டவுன்ஸ்வில்லில வேலை குடுக்கிறாங்க" என்றாள் ரினே. "வீட்டோட. மாசக் கடைசிக்குள்ள சொல்லணும்."

டவுன்ஸ்வில் வடக்கே வேறு மாநிலத்தில் இருக்கிறது. விமானத்தில்தான் போக வேண்டும். கோரலுக்கு முழங்கால் சரியில்லை, தனியாக இருக்கிறாள், கிறிஸ்துமஸுக்கு ஒருமுறை வருகிற மகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அன்று ராத்திரி அவள் பிடிவாதம் முதல்முறையாகத் திசை மாறியது. ஒரே சமையலறைக்குள் அம்மாவும் மகளும் ஒரு வாரம்கூடத் தாங்க மாட்டார்கள் என்பது இருவருக்கும் தெரியும். கொல்லையில் ஒரு வீடு கட்டுவோம், கீழே ஒரு அறை, மேலே ஒரு அறை. நீ மாடியில் தூங்கு, ஜன்னலைத் திறந்தால் ரயில் வருவது தெரியும், எழுந்து போனால் போதும் என்று மகளிடம் சொன்னாள். ரினே மாசக் கடைசியை ஆறு வாரம் தள்ளிக் கேட்டு வாங்கினாள்.

வேறு தெருவாயிருந்தால் கொல்லையில் ஒரு சின்ன வீட்டுக்கு இத்தனை பாடு கிடையாது. இது மரபுத் தெரு. கட்ட இடம் வேண்டுமென்றால் கொட்டகையைப் பிரிக்க வேண்டும். கொட்டகையைப் பிரிக்க வேண்டுமென்றால் குழுவிடம் கேட்க வேண்டும்.

கோரலின் வாசலில் மஞ்சள் பலகை ஏறியது. வால் தெருவைக் கடந்து ஓடிவந்தாள்.

"கண்ணு, யாரோ தப்பா ஒன் வாசல்ல மாட்டிட்டுப் போயிருக்காங்க. நகரசபைக்குப் போன் போடட்டுமா?"

"தப்பில்ல, வால். எனக்குத்தான். ரினேக்கு வீடு கட்டப்போறேன்."

வால் பலகையைப் படித்தாள். கோரலின் முகத்தைப் பார்த்தாள். மறுபடியும் பலகையைப் படித்தாள். "ரெண்டு மாடியா?"

"கீழ ஒரு ரூம், மேல ஒரு ரூம்."

"அப்ப ரெண்டு மாடி" என்று சொல்லிவிட்டு வால் திரும்பிப் போனாள். அவள் தோட்டத்தில் புதர்க்கோழி என்கிற காட்டுப்பறவை ஒன்று போன மாதம் ஆள் உயரத்துக்குக் குப்பைமேடு கட்டி முட்டையிட்டிருந்தது. அதை விரட்டக் கூடாது என்பது சட்டம். எந்தப் பலகையும் மாட்டாமல் அந்தத் தெருவில் எதையாவது கட்டிய கடைசி ஆள் அதுதான்.

மறுநாள் டெனிஸ் வேலியோரமாக வந்தார். "தனிப்பட்ட முறையில எனக்கு ஒண்ணுமில்ல, கோரல். ரினே நல்ல பொண்ணு. ஆனா இன்னிக்கு ஒனக்கு விட்டா நாளைக்கு யாருக்கு இல்லன்னு சொல்றது?"

"கொட்டகைய எடு, எடுன்னு பத்தொம்பது வருஷமாச் சொன்னது நீதானே."

"அது அப்ப. இப்ப அது மரபு."

குழுக் கூட்டத்தன்று ரினே இரவுப் பணி முடித்துத் தூங்காமல் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தாள். தெருவே வந்திருந்தது. மூன்றாவது வரிசையில் வழக்கமாக உட்காருகிற இடத்தில் கோரல் உட்காரப் போனபோது, அங்கே கைப்பைகள் வைத்திருந்தார்கள்.

முதலில் டெனிஸ். "நான் வளர்ச்சிக்கு எதிரி இல்லை" என்று தொடங்கினார். கோரலின் உதடு தானாகக் கூடவே அசைந்தது. "ஆனால் அந்தக் கொட்டகை இந்தத் தெருவோட உயிர். தினமும் காலையில என் தக்காளிச் செடிக்குத் தண்ணி ஊத்தறப்ப அது என் பக்கமா லேசாச் சாஞ்சு நிக்கும். உழைச்ச ஒரு மனுசன் வேலிமேல சாஞ்சு நின்னு பேசற மாதிரி இருக்கும். அது இல்லாத ஒரு காலைய என்னால நெனச்சுப் பாக்க முடியல." சொல்லிவிட்டுக் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். அது நடிப்பில்லை, பாவம். மூன்று நிமிடம் எதைப் பேசுகிறாரோ அதை மூன்று நிமிடம் நம்பிவிடுகிற ஆள் அவர்.

அடுத்து வால். நிழல் விழும் என்றாள். எங்கே என்று குழுவின் தலைவி கேட்டதற்குக் கோரலைத் திரும்பிப் பார்த்தாள். பழக்கம். பிறகு சுதாரித்துக்கொண்டு, "பொதுவா" என்றாள். இன்னும் எட்டுப் பேர் பேசினார்கள். ஒருவர்கூட ஆளைப் பற்றிப் பேசவில்லை. எல்லோரும் காரைப் பற்றிப் பேசினார்கள். நல்ல மாணவர்கள்.

கடைசியில் கோரலைக் கூப்பிட்டார்கள். அவள் ஒலிபெருக்கி முன்னால் நின்றாள். "நான் வளர்ச்சிக்கு எதிரி இல்லை, ஆனால்" என்றாள். நின்றுவிட்டாள். அந்த 'ஆனால்' எங்கேயும் போய்ச் சேரவில்லை. அந்த மண்டபத்தில் வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு நூறு வழி தெரியும். வேண்டும் என்று சொல்ல ஒன்றுகூடத் தெரியாது. பின்வரிசையில் ரினே தூக்கத்தில் சொருகும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு தன்னையே பார்ப்பது தெரிந்தது.

"என் பொண்ணு பக்கத்துல இருக்கணும்" என்றாள் கோரல். "வேற ஒண்ணுமில்ல. அவ ராத்திரியெல்லாம் நம்ம ஊர் நோயாளிங்களப் பாக்கிறா. விடிஞ்சதும் தூங்கிக்கிட்டே கார் ஓட்டிட்டுப் போறா. ஸ்டேஷன் பக்கத்துல எனக்கு அவ்வளவு பெரிய கொல்லை இருக்கு, அதுல ஒரு கொட்டகை இருக்கு. அந்தக் கொட்டகை மரபுமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல. ராஸும் அவர் மச்சானும் பீர் குடிச்சுட்டுக் கட்டினது. அவரே அதப் பிரிக்கணும்னுதான் சொல்லிட்டிருந்தாரு. நான் போன தடவ இங்க நின்னு சொன்னது அத்தனையும் ஜோடிச்சுச் சொன்னது."

மண்டபத்தில் நாற்காலிகள் கிரீச்சிட்டன. அவள் சொன்னது உண்மையென்றால் ஒரு கொட்டகை மட்டும் போகாது, தெருவின் பாதுகாப்பே ஆட்டங்காணும் என்பது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. "உக்காருடி கோரல்" என்று யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்கள். வாலின் குரல் போலிருந்தது.

தலைவி தன் முன்னாலிருந்த காகிதங்களைப் புரட்டினாள். பிறகு மிகுந்த பரிவோடு கோரலைப் பார்த்தாள்.

"திருமதி டிண்டேல், இதைச் சொல்ல உங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்னு புரியுது. பொண்ணுக்காகத் தன் வீட்டுக்காரரோட நினைவையே விட்டுக்குடுக்க வந்திருக்கீங்க. எங்களால அத அனுமதிக்க முடியாது."

"விட்டுக்குடுக்கல. அது நெஜமாவே—"

"போன தடவ நீங்க பேசினப்ப நான் இங்கதான் இருந்தேன். அப்படி யாராலயும் ஜோடிக்க முடியாது."

மணி அடித்தது.

குழு உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தது. கொல்லையில் வீடு கட்டலாம். மேல்தளம் கூடாது, ஒரு தளம்தான். கொட்டகையின் முகப்பு இருந்த இடத்திலேயே இருந்தபடியே இருக்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸை எடுத்துவிட்டு அதே மாதிரித் தகடு போட வேண்டும். புது வீடு அதன் பின்னால் மறைந்து நிற்க வேண்டும். சாய்வு பற்றித் தனியாக ஒரு நிபந்தனை இருந்தது. அதை நிமிர்த்தக் கூடாது.

வெளியே கார்கள் நிற்கும் இடத்தில் கோரல் மகள் பக்கம் திரும்பவே தயங்கினாள். மாடியும் போயிற்று, ரயில் தெரிகிற ஜன்னலும் போயிற்று.

"அப்பாவோட கொட்டகை வழியா நொழஞ்சு நான் வீட்டுக்குப் போகணுமா?" என்றாள் ரினே.

"ஆமா. பிடிக்கலன்னா சொல்லிடு. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"கோவிச்சுக்குவ." ரினே கார்க் கதவில் சாய்ந்து, களைப்பில் சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் குலுங்கினாள். பிறகு போனை எடுத்து டவுன்ஸ்வில்காரர்களுக்கு வரவில்லை என்று சொன்னாள். கோரல் அந்தப் பேச்சு முழுவதையும் பக்கத்தில் நின்று கேட்டாள். கேட்கக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை.

தெரு அவளுக்குத் தண்டனை கொடுத்தது, ஆனால் அந்தத் தெரு கொடுக்கிற மாதிரித்தான் கொடுத்தது. யாரும் சண்டைக்கு வரவில்லை. பார்த்தால் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அவளுடைய குப்பைத் தொட்டி மட்டும் தெருவிலேயே நின்றது. புதன்கிழமை காலையில் லாரி வந்து குப்பையைக் கொட்டிக்கொண்டு போன பிறகு, டெனிஸ் தன் தொட்டியை உள்ளே இழுக்கும்போது கோரலின் தொட்டியையும் சேர்த்து இழுத்து வைப்பார். ராஸ் போன நாளிலிருந்து அப்படித்தான். இப்போது தன்னுடையதை மட்டும் எடுத்துப்போனார். கோரலின் தொட்டி சாயங்காலம்வரை தெருவில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. முழங்கால் வலியோடு அவளே போய் இழுத்து வந்தாள். அவர் ஜன்னல் திரை அசைவதைப் பார்த்தாள். நொண்டுவதை நிறுத்திவிட்டு நேராக நடந்தாள்.

இது எட்டு மாதம் நடந்தது. வீடு கட்டி முடிந்தது. தச்சன் கொட்டகை முகப்பை அதன் சாய்வு குறையாமல் இரும்புக் கம்பி கொடுத்து நிறுத்தினான். நிமிர்த்துவது சுலபமாக இருந்திருக்கும், சாய்த்தபடி நிறுத்தத்தான் இவ்வளவு வேலை என்று கடைசிவரை முனகினான்.

ரினே குடிவந்த பிறகு வந்த முதல் புதன்கிழமை, இரவுப் பணி முடித்து ரயிலிலிருந்து இறங்கித் தெருவுக்குள் நடந்து வந்தாள். லாரி அப்போதுதான் போயிருந்தது. அம்மாவின் தொட்டியை ஒரு கையாலும், பக்கத்தில் நின்ற டெனிஸின் தொட்டியை மறுகையாலும் பிடித்து உருட்டிக்கொண்டு வந்து, அவரவர் வீட்டோரம் நிறுத்தினாள். ஆஸ்பத்திரியில் இரண்டு கட்டிலைச் சேர்த்துத் தள்ளிப் பழகியவளுக்கு அது ஒரு வேலையே இல்லை.

கோரல் இரவு உடையோடு வாசலுக்கு வந்தாள். "அந்தாளோடத எதுக்குடி தொட்ட? கொண்டுபோய்த் தெருவுலயே விடு."

"வச்சாச்சும்மா. தூக்கம் வருது. சத்தம் போடாத."

ரினே கொட்டகைக் கதவைத் தூக்கித் திறந்துகொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து டெனிஸ் வெளியே வந்தார். தெருவில் தொட்டி இல்லாததைப் பார்த்தார். வீட்டோரம் இருப்பதைப் பார்த்தார். கைப்பிடி சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது, அது அவருக்குப் பிடிக்காது. அதைத் திருப்பி வைத்துவிட்டு, வேலிக்கு அந்தப்புறம் நின்ற கோரலைப் பார்க்காமல், "தூங்கறாளா?" என்று கேட்டார்.

"இப்பத்தான் படுத்தா."

"அப்ப புல்வெட்டற மெஷினை மத்தியானத்துக்கு மேல எடுக்கிறேன்" என்றார் டெனிஸ்.

கோரல் உள்ளே போய், கொட்டகைப் பக்கத்து ஜன்னலுக்கு நேரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, மகள் எழுந்திருக்கக் காத்திருந்தாள்.